இடமும் ஆளும் சொல்லும் கதை: டிஸ்டோபியா நாவலைப் படிக்கும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பாய் விரித்து உட்கார்ந்து நாவல் படிக்கிறோம். வருகிறவர்கள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, எண்ணூர் என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பாதிப் பேர் தங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இந்த வருஷம் எடுத்துக்கொண்டது ஜார்ஜ் ஆர்வெலின் '1984'. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்குக் கதை இதுதான். 1949-இல் வெளிவந்த புத்தகம். லண்டனை ஒரு கட்சி ஆள்கிறது. தலைவரின் பெயர் பெரியண்ணன். சுவருக்குச் சுவர் அவர் முகம். கட்சிக்காரர்கள் வீட்டில் டெலிஸ்கிரீன் என்று ஒரு கருவி இருக்கும். அதை நாம் பார்க்கலாம், அதுவும் நம்மைப் பார்க்கும். வின்ஸ்டன் ஸ்மித்துக்கு 39 வயது. கட்சி இன்றைக்கு என்ன சொல்கிறதோ அதற்கு ஏற்றபடி பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதுவது அவன் வேலை. அவன் ஒரு டைரி வாங்குகிறான், ஜூலியாவைக் காதலிக்கிறான், பிடிபடுகிறான், உள்ளுக்குள் ஒன்றும் மிச்சமில்லாதபடி உடைக்கப்படுகிறான்.

டிஸ்டோபியா என்றால் சோகக் கதைதானே, அக்கா?

இல்லை. சோகக் கதையில் புயல் வரலாம், நோய் வரலாம், விதி என்று தலையில் அடித்துக்கொள்ளலாம். டிஸ்டோபியாவில் கஷ்டத்தை யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு உண்டாக்கியிருக்கிறார்கள். அதை நல்லது என்று பெயர் சூட்டி நடத்திக்கொண்டும் இருக்கிறார்கள். அன்பு அமைச்சகம் என்று பெயர், உள்ளே நடப்பது சித்திரவதை.

இந்த எண்ணம் நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் பாலை எப்படிப் பிறக்கிறது என்று இளங்கோ சொல்கிறார். பாலைக்கு என்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தங்கள் நல்ல இயல்பை இழந்து, தங்களைச் சேர்ந்தவர்களை நடுங்க வைக்கும்போது பாலை என்ற வடிவம் எடுக்கின்றன. அதற்குக் காரணமான சூரியனை அவர் வேந்தன் என்றே அழைக்கிறார். வேந்தனின் நலம் திருகும்போது நிலம் திரிகிறது. ஆர்வெலின் லண்டன் அப்படித் திரிந்த நிலம். தெரு அதேதான், வீடு அதேதான், நல்லியல்பு மட்டும் போய்விட்டது.

தீம் என்பதைத் தமிழில் கருப்பொருள் என்று எழுதலாமா?

இன்றைய வழக்கில் எழுதுகிறார்கள், தப்பில்லை. ஆனால் தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் வேறு. அங்கே மூன்று அடுக்கு உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். இவற்றின் வழியாக வெளிப்படும் மனித உணர்வு உரிப்பொருள். நாம் தீம் என்று சொல்வது உரிப்பொருளுக்குத்தான் பக்கம்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கதைக்களம் தனி, தீம் தனி என்று பிரித்து நோட்ஸ் எடுக்கிற பழக்கம் பள்ளிக்கூடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. நம் பழைய இலக்கணம் இவற்றைப் பிரிக்கவே விடாது. பறவையைச் சொன்னால் பிரிவைச் சொன்ன மாதிரி.

இன்னொன்று: "தீம்: கண்காணிப்பு" என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாதீர்கள். அது தலைப்பு. கண்காணிப்பைப் பற்றி நாவல் என்ன சொல்கிறது என்பதை முழு வாக்கியமாக எழுதினால்தான் தீம்.

கதைக்களத்தை எப்படிப் படிப்பது? வர்ணனை வந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது.

தொல்காப்பியரின் பட்டியலையே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் மாடியில் இதைத்தான் செய்தோம். ஒரு சார்ட்டில் எட்டுக் கட்டம் போட்டு, நாவலிலிருந்து ஆளுக்கு ஒன்று தேடினோம்.

முதலில் பொழுது. நாவலின் முதல் வரியிலேயே ஏப்ரல் மாதத்து வெயிலில் கடிகாரங்கள் 13 அடிக்கின்றன. ரயில்வே டைம்டேபிளில் 13 மணி இருக்கலாம், ஆனால் 13 தடவை மணி அடிக்கிற கடிகாரத்தை நாம் கேட்டதில்லை. நேரத்தைக்கூட யாரோ எடுத்துக்கொண்டு தங்கள் கணக்கில் திருப்பித் தருகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

தெய்வம் எது? ஒரு பிள்ளை உடனே "போஸ்டர்" என்றாள். ஒரு மீட்டருக்கு மேல் அகலமான முகம், கறுத்த மீசை, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கூடவே வரும் கண்கள். கோயில் இல்லாத ஊரில் அதுதான் சந்நிதி. உணவு: தொண்டையை எரிக்கும் விக்டரி ஜின், சர்க்கரைக்குப் பதில் சாக்கரின், வேகவைத்த முட்டைக்கோஸின் வாடை. தொழில்: நேற்றைய உண்மையை இன்றைக்கு அழித்து எழுதுவது. பறை: அணைக்க முடியாத டெலிஸ்கிரீனின் குரல், சத்தத்தைக் குறைக்கத்தான் முடியும்.

விலங்கு எலி. முதலில் வின்ஸ்டனும் ஜூலியாவும் ரகசியமாகச் சந்திக்கிற வாடகை அறையின் மூலையில் மூக்கை நீட்டுகிறது, கடைசியில் அவரவர் மிகவும் பயப்படுவதை வைத்தே சித்திரவதை செய்கிற 101-ஆம் அறையில் கூண்டுக்குள் காத்திருக்கிறது. பறவை? இங்கேதான் மாடி அமைதியானது. ஊருக்கு வெளியே காட்டுப் பக்கம் வின்ஸ்டனும் ஜூலியாவும் முதல் தடவை தனியாகச் சந்திக்கும்போது ஒரு பறவை பாடுகிறது. யாருக்காகப் பாடுகிறது, எதற்காகப் பாடுகிறது என்று வின்ஸ்டன் வியக்கிறான். துணையும் இல்லை, போட்டியும் இல்லை, ஆனாலும் பாடுகிறது. எல்லாச் செயலுக்கும் கட்சியிடம் காரணம் சொல்லவேண்டிய உலகத்தில், காரணமே இல்லாமல் ஒரு உயிர் பாடுகிறது. இதைவிடத் தெளிவாகச் சுதந்திரத்தை அந்த நாவலில் வேறு எந்தப் பக்கமும் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

யாழுக்கு வந்தால் துணி உலர்த்தும் பெண். எளிய மக்கள் குடியிருப்பில் கொடியில் துணி போட்டபடி ஒரு பாட்டுப் பாடுகிறாள். அந்தப் பாட்டு இயந்திரம் எழுதிய குப்பை. ஆனால் அவள் குரலில் அது கேட்கும்படி ஆகிவிடுகிறது. காசிமேட்டிலிருந்து வரும் பையன் ஒருவன், "எங்க ஆயாவும் மீன் கழுவும்போது சீரியல் டைட்டில் பாட்டுதான் பாடும், அது பாடினா நல்லாத்தான் இருக்கும்" என்றான். அவன் அந்தக் காட்சியை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தான்.

இடத்தில் எதைக் கவனித்தால் தீம் கிடைக்கும்?

முரண்பாட்டை. ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

வின்ஸ்டன் மதிய நேரத்தில் வீட்டுக்கு வருகிறான். விக்டரி மேன்ஷன்ஸ் என்ற குடியிருப்பு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. வெறுப்பு வாரம் என்ற விழாவுக்காகச் சிக்கனம் பிடிக்கிறார்கள், அதனால் பகலில் மின்சாரம் கிடையாது. வலது கணுக்காலுக்கு மேல் புண் வைத்துக்கொண்டு ஏழு மாடி ஏறுகிறான், இடையிடையே நின்று மூச்சு வாங்குகிறான். கதவைத் திறந்தால் உள்ளே டெலிஸ்கிரீன் இரும்பு உற்பத்திக் கணக்கைக் கணீரென்று வாசித்துக்கொண்டிருக்கிறது.

மறுபடி படியுங்கள். லிஃப்டுக்குக் கரண்ட் இல்லை. டெலிஸ்கிரீனுக்குக் கரண்ட் இருக்கிறது.

ஆர்வெல் இதைச் சுட்டிக்காட்டவே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போகிறார். பற்றாக்குறை உண்மையிலேயே இருக்கலாம், ஆனால் இருப்பதை எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பதில் அரசின் மனசு தெரிகிறது. ஆளின் காலுக்கு மின்சாரம் இல்லை, ஆளைக் கவனிப்பதற்கு உண்டு. ஹவுசிங் போர்டு வீட்டில் குடியிருக்கிற யாருக்கும் இதை நான் விளக்கவேண்டியிருந்ததில்லை. மாடிப்படி பல்பு எரியாத நாட்கள் அவர்களுக்குத் தெரியும். எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதை யார் இப்படி வைத்தார்கள், யாருக்கு இதனால் லாபம், யாருடைய உடம்பில் இது வலிக்கிறது என்று கேளுங்கள்.

கதாபாத்திரத்தை ஆராய்வது என்றால் குணநலன்களைப் பட்டியல் போடுவதா?

"வின்ஸ்டன் பயந்தவன், சிந்திப்பவன், தனிமையானவன்" என்று எழுதினால் ஆசிரியர் ஒரு டிக் போடுவார், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அவன் கையும் காலும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். அவன் அறையில் டெலிஸ்கிரீனின் கண்ணுக்கு மறைவாக ஒரு சிறு ஒதுக்குப்புறம் இருக்கிறது. அங்கே நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டு டைரி எழுதுகிறான். அந்தச் சில அடி இடம் இல்லாவிட்டால் கதையே இல்லை. இடம் விட்ட இடைவெளியில்தான் ஆள் மனிதனாகிறான்.

இடம் உடம்புக்குள்ளும் இறங்கும். என் தாத்தா பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளி. மில் சங்கு ஊதும்போது அந்த வட்டாரமே எழும். 1996-இல் மில்லை மூடிய பிறகும் அவர் சங்கு ஊதுகிற நேரத்துக்கே எழுந்து, முகம் கழுவி, சட்டை மாட்டி, வாசலில் வந்து உட்காருவார். வின்ஸ்டனின் கால்புண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் அந்தச் சட்டைதான் ஞாபகம் வரும். அந்தப் புண் காதலும் சுதந்திரமும் கிடைக்கிற மாதங்களில் ஆறிவிடுகிறது, நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. பிடிபட்ட பிறகு மறுபடி வீங்கித் தோல் உரிந்துபோகிறது.

சாக்லேட் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது?

நிறைய. வாரத்துக்கு 30 கிராம் சாக்லேட் 20 கிராமாகக் குறைகிறது. மறுநாளே, 20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி ஊர்வலம் நடந்தது என்று டெலிஸ்கிரீன் அறிவிக்கிறது. 24 மணி நேரத்துக்கு முன்னால் கேட்டதை ஜனங்கள் மறந்துவிட்டார்களா என்று வின்ஸ்டன் சுற்றிப் பார்க்கிறான். கூட வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரன் பார்சன்ஸ் சந்தோஷமாக நம்புகிறான்.

பின்னால் இன்னொரு சாக்லேட் வருகிறது. வின்ஸ்டன் சிறுவனாக இருந்தபோது பஞ்ச காலம். அம்மா ஒரு துண்டில் முக்கால் பங்கை அவனுக்கும் கால் பங்கைச் சின்னத் தங்கைக்கும் கொடுக்கிறாள். அவன் தங்கையின் கையிலிருந்ததையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். அம்மா அழுகிற குழந்தையைக் கையால் அணைத்துக்கொள்கிறாள். அவன் திரும்பி வரும்போது வீட்டில் யாரும் இல்லை, அதற்குப் பிறகு அவர்களைப் பார்க்கவே இல்லை.

இரண்டு சாக்லேட்டையும் சேர்த்துப் படியுங்கள். கட்சி கணக்கை மாற்றும், ஞாபகத்தை அழிக்கும். அந்தத் தாயின் கை சாக்லேட்டைத் திருப்பித் தரவில்லை, பசியைப் போக்கவில்லை. ஆனாலும் அந்த அணைப்பு மட்டும் அவனுக்குள் முப்பது வருஷத்துக்கு அழியாமல் இருக்கிறது. இந்தப் பக்கத்தை வாசித்த அன்றைக்கு மாடியில் ஒரு பெண் எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டி அருகே நின்றுகொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை.

வின்ஸ்டன் ஹீரோவா? கடைசியில் தோற்றுப்போகிறானே.

தோற்கிறான். அதற்கு முன்பே அவன் தூயவனும் இல்லை. கட்சியை எதிர்க்கும் ரகசிய இயக்கத்துக்காக ஒரு குழந்தையின் முகத்தில் அமிலம் வீசச் சொன்னால் வீசுவாயா என்று, அந்த இயக்கத்து ஆளாக நடிக்கிற கட்சி மேலிடத்துக்காரன் ஓ'பிரையன் கேட்கும்போது "ஆமாம்" என்கிறான். கட்சியை எதிர்க்கப் போனவனுக்குள்ளும் கட்சியின் கொடூரம் புகுந்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு அவனைத் தியாகியாக்கி எழுதினால் நாவல் கையைவிட்டுப் போய்விடும்.

பார்சன்ஸையும் விடாதீர்கள். தூக்கத்தில் பெரியண்ணனுக்கு எதிராக உளறியதற்காகச் சொந்த மகளே, ஏழு வயதுக் குழந்தை, அவனைக் காட்டிக்கொடுக்கிறாள். சிறையில் உட்கார்ந்துகொண்டு அவளைப் பற்றிப் பெருமைப்படுகிறான். வில்லன் இல்லாமலே பயங்கரத்தைக் காட்ட ஒரு சாதாரண அப்பாவின் பெருமை போதும்.

மற்ற நாவல்களுக்கும் இந்த முறை பொருந்துமா?

பொருந்தும். மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' 1985-இல் வந்தது. நாயகி தன் அறையை வர்ணிக்கும்போது, கூரையில் விளக்கு தொங்கிய இடம் பூசி மூடப்பட்டிருப்பதைச் சொல்கிறாள். கயிறு மாட்ட வாய்ப்புள்ள எதையும் எடுத்துவிட்டார்கள். இருக்கும் பொருளைவிட இல்லாத பொருள் சத்தமாகப் பேசுகிறது. ரே பிராட்பரியின் 1953-ஆம் வருஷ நாவல் 'ஃபாரன்ஹீட் 451'-இல் புத்தகம் எரிப்பவனான மான்டாக்கின் கைகள் தாமாகவே ஒரு புத்தகத்தைத் திருடிக்கொள்கின்றன. மனசு முடிவெடுப்பதற்கு முன்னால் கை முடிவெடுத்துவிடுகிறது.

அக்கா, நம்ம வடசென்னையே டிஸ்டோபியாதானே?

அடிக்கடி வருவதும், எனக்கு நெஞ்சில் தைப்பதும் இந்தக் கேள்விதான்.

ஏன் கேட்கிறார்கள் என்று தெரியும். ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து காற்று அடித்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கச் சொல்வார்கள். கொடுங்கையூர் குப்பைமேடு முந்நூறு ஏக்கருக்கு மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்துப்போயின. அதே மாதக் கடைசியில் ஒரு நடுராத்திரி அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் கைக்குழந்தையோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். எதை எந்த ஊரில் வைப்பது என்று யாரோ முடிவெடுத்ததால் நேர்ந்தவை இவை. அந்த அளவில் ஒப்பிடுவது நியாயம்தான்.

ஆனால் நாவலின் முதல் அத்தியாயம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். கதவு தட்டப்படுகிறது. வின்ஸ்டனுக்கு உயிரே போய்விடுகிறது, போலீஸ் என்று நினைக்கிறான். அடுத்த அத்தியாயத்தில் திறந்தால் பக்கத்து வீட்டு அம்மா, சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது, கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்று கேட்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் உதவி கேட்டுத் தட்டுவதே நெஞ்சை அடைக்கிற சத்தமாக மாறிவிட்டது. அதுதான் டிஸ்டோபியா.

அம்மோனியா கசிந்த ராத்திரி பற்றி எங்கள் வட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். "பக்கத்து வீட்டு அண்ணன் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிக்கிட்டே ஓடினாரு அக்கா. அந்தச் சத்தத்துலதான் எழுந்தோம். எங்க ஆயாவ அவருதான் தூக்கிட்டு வந்தாரு." இரண்டு இடத்திலும் தட்டுகிற சத்தம் கேட்கிறது, அர்த்தம் நேரெதிர். கத்தியும் ரத்தமுமாக நம்மைக் காட்டுகிற படங்களை எனக்குப் பிடிக்காததற்கும் காரணம் இதுதான். அந்தக் கேமரா கதவு தட்டுகிற கையைப் பார்ப்பதில்லை.

பரீட்சையில் இதையெல்லாம் எப்படி எழுதுவது?

ஒரு தீம், இரண்டு காட்சி போதும். ஆறு தீம்களுக்கு ஆறு வரி எழுதுவதைவிட மதிப்பெண் கூடுதலாகவே வரும்.

பெரும்பாலானவர்கள் இப்படி எழுதுகிறார்கள்: "விக்டரி மேன்ஷன்ஸ் இருண்டதாகவும் அழுக்காகவும் இருக்கிறது. இது பயத்தை உண்டாக்குகிறது." அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "சிக்கனம் என்று சொல்லி லிஃப்டை நிறுத்திய கட்சி, அதே பகலில் டெலிஸ்கிரீனை ஓடவிடுகிறது. புண்பட்ட காலோடு வின்ஸ்டன் ஏறும் ஏழு மாடிகள், மக்களின் உடல்நலத்தைவிட அவர்களைக் கண்காணிப்பதையே இந்த அரசு தேவையாகக் கருதுகிறது என்பதைக் காட்டுகின்றன." இரண்டாவதில் இடம் இருக்கிறது, ஆளின் உடம்பு இருக்கிறது, முடிவும் அவற்றிலிருந்தே பிறக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுமுன் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்தால் எழுதவும் வரும்.

கைடு படித்தால் போதாதா? படம் பார்த்தால்?

போதாது. லிஃப்டும் கரண்டும் எந்தக் கைடிலும் நான் பார்த்ததில்லை.

ஆர்வெலின் வாழ்க்கை தெரிந்திருக்கவேண்டுமா?

கொஞ்சம். 1903-இல் பிகாரின் மோதிஹாரியில் பிறந்தவர், பர்மாவில் போலீஸ் வேலை பார்த்தவர். அதிகாரம் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்திலிருந்தே அவருக்குத் தெரியும். நாவல் எழுதியபோது பிரிட்டனில் ரேஷன் இருந்தது, 1954 வரை நீடித்தது. ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய உங்களுக்கு மற்றது புரியும்.

நாங்களே ஒரு டிஸ்டோபியா கதை எழுதலாமா?

கட்டாயம் எழுதுங்கள். ரோபோவும் லேசர் துப்பாக்கியும் வேண்டாம். உங்கள் தெருவில் தினமும் பார்க்கிற ஒரு பொருளை எடுங்கள், அதன் விதியை மட்டும் மாற்றுங்கள்.

வியாசர்பாடிப் பெண் ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டாள். மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாளில் விடிகாலையிலேயே தெருவில் குடங்கள் வரிசையாக நிற்கும். ஆள் இருக்காது. ஒரு குடத்தின் கழுத்தில் சிவப்புத் துணி, ஒன்றில் நெயில் பாலிஷால் எழுதிய எழுத்து, இன்னொன்றில் ஒட்டுப்போட்ட பிளாஸ்டிக் தழும்பு. குடத்தை வைத்துவிட்டு அம்மாக்கள் சமைக்கப் போவார்கள், பிள்ளையைக் கிளப்பப் போவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. யாரும் நகர்த்தமாட்டார்கள், நகர்த்தினால் தெருவே கேட்கும்.

அவள் கதையில் லாரி நேரத்துக்கு வருகிறது. தண்ணீரும் குறைவில்லை. தெருவும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் விடிகாலை நாலு மணிக்கு அத்தனை பெண்களும் வரிசையில் நிற்கிறார்கள், ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல், காலிக் குடத்தை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு.